காட்டனும் கார்ட்டனும்: ஆங்கில உயிரொலிகளையும் ஒலிக்குறிகளையும் கற்க ஒரு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில், வாடிக்கையாளரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த மூன்றாம் மாதம், பிரிட்டனிலிருந்து தொலைபேசியில் பேசிய வாடிக்கையாளரிடம், வெள்ளிக்கிழமை காட்டன் அனுப்பிவிடுகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நான் குறிப்பிட்டது உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய பருத்தித் துணிச் சாம்பிளை. அவர் காதில் விழுந்ததோ கார்ட்டன், அதாவது தைத்து முடித்த உருப்படிகள் அடங்கிய அட்டைப்பெட்டி. பெட்டிக்காகக் காத்திருந்தவருக்குக் கூரியர் உறையில் ஒரு துண்டுத் துணி போய்ச் சேர்ந்தது; விஷயம் தெளிவாவதற்குள் ஆறு நாட்கள் போய்விட்டன. “ஏங்கண்ணு, அவங்க துணியக் கேட்டாங்களா, பெட்டியக் கேட்டாங்களா?” என்று எங்கள் முதலாளி கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. பிரிட்டன் உச்சரிப்பில் அட்டைப்பெட்டியைக் குறிக்கும் சொல்லில் ‘ர்’ ஒலிப்பதில்லை. ‘கா’ நீண்டு, ஏறத்தாழ நம் ‘காட்டன்’ போலவே கேட்கும். பருத்தியைக் குறிக்கும் சொல்லிலோ ‘ஆ’ என்னும் ஒலியே கிடையாது. நான் பருத்தி என்று நினைத்துப் பெட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் 6,500 ரூபாய் கட்டி மூன்று மாதம் ஓர் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். அங்கே வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். உயிரொலி என்ற பேச்சே எழவில்லை. கடைசியில் அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் சாய்கோடுகளுக்கு நடுவே அச்சிடப்பட்டிருக்கும் அந்த விநோதமான குறிகளைப் படிக்கக் கற்ற பிறகுதான் வழி திறந்தது. நான் தட்டுத்தடுமாறி நான்கு மாதத்தில் கற்ற முறையை, நீங்கள் தடுமாறாமல் கற்கும்படி வரிசைப்படுத்தித் தருகிறேன்.

ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவது எந்தச் சொல் என்று அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே. சரியான ஒலியைத் தமிழ் எழுத்தால் காட்ட முடியாது என்பதே இந்த முயற்சிக்கெல்லாம் காரணம்.

1. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

முதல் தேவை, ஆங்கில ஒலிகள் நாற்பத்து நான்கையும் பன்னாட்டு ஒலிக்குறிகளில், அதாவது எந்த மொழியின் ஒலியையும் எழுத உதவும் பொதுக் குறிகளில், ஒரே பக்கத்தில் காட்டும் அட்டவணை. பிரிட்டன் பொது உச்சரிப்பை வைத்துக் கணக்கிட்டால் உயிரொலிகள் 20, மெய்யொலிகள் 24. உயிரொலிகளில் 12 தனி ஒலிகள். அவற்றுள் 7 குறுகியவை, 5 நீண்டவை. மீதி 8 ஓர் ஒலியில் தொடங்கி இன்னோர் ஒலிக்கு நழுவும் கூட்டொலிகள். அட்டவணையை இணையத்திலிருந்து பி.டி.எஃப். கோப்பாகவே எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். வேர்டு கோப்பாகக் கொண்டுபோனால், கடையின் கணினியில் உரிய எழுத்துரு இல்லாதபோது குறிகளில் பல வெற்றுக் கட்டங்களாக அச்சாகும். நான் அப்படி அச்சான தாளை ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குறிகளில் பாதி ஏன் கட்டமாக இருக்கின்றன என்று குழம்பியிருக்கிறேன். வண்ணத்தில் ஒரு பக்கம் எடுக்க எனக்கு 10 ரூபாய் ஆயிற்று.

இரண்டாவது, ஒலிப்பதிவுடன் கூடிய கற்போர் அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகிய மூன்று கற்போர் அகராதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சொல்லின் அருகிலுள்ள ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் பிரிட்டன் முறையிலும் அமெரிக்க முறையிலும் தனித்தனியே சொல்லிக் காட்டும். மூன்றாவது, காதுக்குள் பொருந்தும் இயர்போன். நான் வாங்கியது 350 ரூபாய். செல்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டால் இரண்டு நெருங்கிய உயிரொலிகளின் வேறுபாடு தெரியாது. இந்தச் செலவை மட்டும் மிச்சப்படுத்த வேண்டாம். நான்காவது, கோடு போட்ட நோட்டு ஒன்று.

ஐந்தாவதாக நீங்களே தயாரிக்க வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு. உங்கள் தொழிலில் நாள்தோறும் வாயில் வரும் ஆங்கிலச் சொற்கள் நூற்றின் பட்டியல் அது. பின்னலாடைத் தொழிலில் இருப்பவருக்கு நிட், ஷர்ட், ஷார்ட்ஸ், பேட்ச், டேக், லாட் என்று வரும்; கோவையில் பம்பு மோட்டார் பட்டறை வைத்திருப்பவருக்கும், நாமக்கல்லில் லாரி புக்கிங் பார்ப்பவருக்கும், ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்பவருக்கும் அவரவர் சொற்கள். பொதுவான பயிற்சிச் சொற்களை விட இந்த நூறு சொற்கள் மும்மடங்கு விரைவாகப் பலன் தந்தன என்பது என் அனுபவம், ஏனென்றால் கற்றதை அன்றைக்கே பயன்படுத்த வேண்டி வந்தது.

2. ஒரே அகராதி, ஒரே உச்சரிப்பு முறை

பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் இதுதான். ஒரு நாள் ஒரு அகராதி, மறுநாள் இன்னொன்று என்று மாற்றிக்கொண்டிருந்தால் குறிகள் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றும். ஏனெனில் எல்லா அகராதிகளும் ஒரே குறிமுறையைப் பின்பற்றுவதில்லை. அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி தனக்கென ஒரு குறிமுறை வைத்திருக்கிறது. கூகுள் தேடலில் வரும் உச்சரிப்புப் பெட்டியும் எளிமைப்படுத்திய எழுத்துகளையே காட்டுகிறது. உங்கள் அட்டவணையில் உள்ள பன்னாட்டு ஒலிக்குறிகள் இவற்றில் இருக்கமாட்டா.

பிரிட்டன் முறையா, அமெரிக்க முறையா என்பதையும் முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் யாரோடு பேசப்போகிறீர்கள் என்பதே அளவுகோல். அமெரிக்க உச்சரிப்பில் ‘ர்’ எல்லா இடத்திலும் ஒலிக்கும். அங்கே பருத்திக்கு நம் ‘காட்டன்’ ஏறத்தாழப் பொருந்தியும் விடும், பெட்டி ‘ர்’ ஒலியோடு தெளிவாகப் பிரிந்தும் நிற்கும். என் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இருந்ததால் நான் பிரிட்டன் முறையை எடுத்துக்கொண்டேன். கீழே வருவனவெல்லாம் அதை ஒட்டியவை.

3. குறிகளின் உருவத்தைப் பத்து நாளில் பழகுங்கள்

ஒலியைப் பற்றிக் கவலைப்படாமல் முதலில் உருவத்தை மட்டும் கையால் எழுதிப் பழகுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு குறிகள் போதும். ஆங்கில எழுத்துகளின் பெயர்களைக் கீழே சொல்லும்போது, அவற்றைத் தமிழ் உயிரெழுத்துகளோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

புள்ளியில்லாமல் மேலும் கீழும் சிறு கோடு போட்ட ஐ எழுத்து, கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’ என்ற சொல்லின் குறுகிய ஒலி. புள்ளி வைத்த ஐ எழுத்தும் அதன் பின்னே முக்காற்புள்ளி போன்ற அடையாளமும் சேர்ந்தால் செம்மறியைக் குறிக்கும் ‘ஷீப்’ என்ற சொல்லின் நீண்ட ஒலி. அந்த முக்காற்புள்ளி எங்கே வந்தாலும் நீட்டம் என்று பொருள். ஏ எழுத்தும் ஈ எழுத்தும் முதுகோடு முதுகு ஒட்டியது போன்ற குறி, பூனையைக் குறிக்கும் சொல்லுக்கு உரியது. கவிழ்த்துப் போட்ட வி எழுத்து, ஓட்டு வீட்டுக் கூரை போலிருக்கும். அது ‘கப்’, ‘கட்’ ஆகியவற்றின் ஒலி. மேல் வளைவு இல்லாமல் கையால் எழுதுகிற ஏ எழுத்தோடு நீட்டக்குறி வந்தால் ‘கார்’ என்பதன் ஒலி. அதே எழுத்தைத் தலைகீழாக்கி நீட்டக்குறியை எடுத்துவிட்டால் பருத்தியின் ஒலி. திருப்பி வைத்த சி எழுத்து நீட்டக்குறியோடு வந்தால் ‘ஷார்ட்’ என்பதன் ஒலி. விளிம்பு வெளியே மடிந்த சட்டியைப் போன்றது, ‘புட்’ என்று வைப்பதைக் குறிக்கும் சொல்லின் ஒலி. எண் 3 போன்றது நீட்டக்குறியோடு வந்தால் ‘ஷர்ட்’ என்பதன் ஒலி. ஈ எழுத்தைத் தலைகீழாக நிறுத்தியது, ஆறாம் படியில் விரிவாக வரும் ஷ்வா.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில அகராதிகள் ‘பெட்’, ‘டென்’ ஆகியவற்றில் வரும் ‘எ’ ஒலிக்கு, எண் 3ஐக் கண்ணாடியில் பார்த்தது போன்ற குறியைப் போடுகின்றன. 3 போன்ற குறிக்கும் இதற்கும் திசை மட்டுமே வேறுபாடு. நான் இரண்டையும் ஒன்றாக எண்ணி இரண்டு வாரம் ‘பெட்’ என்பதைத் தவறாகச் சொல்லிப் பழகினேன். இன்னொன்று: மெய்க்குறிகளில் ஜே எழுத்து வந்தால் அது ‘ய்’ ஒலி. அதை ‘ஜ’ என்று படித்தால் ‘மியூசிக்’ உருமாறிப் போகும்.

சொல்லுக்குள் மேலே ஒரு சிறு நெடுங்கோடு நின்றால், அதற்கு அடுத்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று பொருள். இந்தக் கோட்டைத்தான் எல்லோரும் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடுகிறார்கள்.

4. தமிழ் ஏற்கனவே தந்திருப்பதைப் பிரித்து வையுங்கள்

இருபது உயிரொலிகளையும் சமமாக எண்ணி உழைக்க வேண்டியதில்லை. ‘எ’, கவிழ்ந்த வி குறிக்கும் ‘அ’, நீண்ட ‘ஆ’, நீண்ட ‘ஈ’, நீண்ட ‘ஊ’ ஆகியவற்றுக்கு நம் வாய் ஏறத்தாழப் பழகியது. ‘ஐ’, ‘ஔ’ ஆகிய இரண்டும் கூட்டொலிகளாகவே நம்மிடம் இருக்கின்றன. ‘டேபிள்’ என்பதை நாம் தட்டையான ‘ஏ’ ஆகவும், ‘ரோடு’ என்பதைத் தட்டையான ‘ஓ’ ஆகவும் சொல்கிறோம். ஆங்கிலேயர் அவற்றை நழுவவிட்டுச் சொல்கிறார்கள். ஆனால் நாம் தட்டையாகச் சொல்வதால் யாருக்கும் புரியாமல் போவதில்லை. இதைத் திருத்தத்தான் பலர் முதல் இரண்டு மாதத்தைச் செலவிடுகிறார்கள். கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், நேரம் இல்லையென்றால் விட்டும் விடலாம். ‘இயர்’, ‘ஏர்’, ‘டூர்’ ஆகியவற்றின் கூட்டொலிகளுக்கும் இதுவே என் கருத்து.

5. நான்கு புதிய ஒலிகள்

உழைப்பு முழுவதும் செல்ல வேண்டிய இடம் இது. எட்டு வாரம் ஒதுக்குங்கள். ஓர் ஒலிக்கு இரண்டு வாரம்.

முதலாவது, ஏயும் ஈயும் ஒட்டிய குறி. பூனையைக் குறிக்கும் சொல்லையும் வாயிற்கதவைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் ‘கேட்’ என்று ஒரே மாதிரி எழுதுகிறோம். உடையில் தொங்கும் அட்டையும் எடுத்துக்கொள் என்னும் வினையும் ‘டேக்’ என்றே ஆகின்றன. எழுத்து ஒன்றானதால் ஒலியும் ஒன்றாகிவிட்டது. இதைச் சரியாகச் சொல்ல, ‘எ’ என்று தொடங்கி, நாக்கை முன்னாலேயே வைத்துக்கொண்டு, தாடையை மட்டும் ஒரு விரல் அகலம் கீழே இறக்குங்கள். உதடு குவியக்கூடாது, பக்கவாட்டில் சற்று விரியலாம். ஊரில் வெள்ளாட்டுக் குட்டி தாயைத் தேடிக் கத்தும் ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வெகு அருகில் இருக்கிறது இது. பேட்ச், ஃபேப்ரிக், பேக்கிங், கேஷ், பேலன்ஸ் எல்லாம் இந்த ஒலிதான். ஆனால் ‘சாம்பிள்’ என்பதை பிரிட்டன் முறையில் நாம் சொல்வது போலவே ‘ஆ’ வைத்துத்தான் சொல்கிறார்கள்; அதைப் போய்த் திருத்திவிடாதீர்கள்.

இரண்டாவது, பருத்தியின் ஒலி. ‘ஆ’ சொல்லும்போது தாடை இறங்கியிருக்கும் நிலையில் அப்படியே நிறுத்தி, ‘ஒ’ சொல்லும் உதட்டைப் பாதியளவு குவித்து, சட்டென்று வெட்டுங்கள். நீண்டால் தவறு. காட்டன், பாக்ஸ், ஸ்டாக், லாட், காஸ்ட், ஆபீஸ், லாரி என்று நாம் ‘ஆ’ போட்டு எழுதும் சொற்களில் பெரும்பகுதி இந்த ஒலிக்கு உரியவை. கண்ணாடி முன் நின்று பழகினால் உதடு குவிகிறதா இல்லையா என்று உடனே தெரியும்.

மூன்றாவது, எண் 3 போன்ற குறி. இதற்குத் தமிழிலேயே ஒரு வாசல் இருக்கிறது. ‘காசு’, ‘நாடு’ என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். ஈற்றில் வரும் குற்றியலுகரத்தில் உதடு குவிவதில்லை, நாக்கின் நடுப்பகுதி லேசாக எழும்பி நிற்கிறது. அந்த உகரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு மாத்திரைக்கு நீட்டி, தாடையைச் சற்றே தளர்த்தி இறக்குங்கள். ‘ஷர்ட்’, ‘ஃபர்ஸ்ட்’, ‘ஒர்க்’, ‘நர்ஸ்’ ஆகியவற்றின் உயிரொலி கிடைத்துவிடும். பிரிட்டன் முறையில் ‘ர்’ ஒலிக்காது என்பதால் நாக்கை உருட்ட வேண்டாம். இந்த வழி எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. அவிநாசியிலிருந்து திருப்பூருக்குப் போகும் பேருந்தில், வாய்க்குள் ‘காசு, காசு’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலையில் நானாகக் கண்டுகொண்டது. சட்டையையும் அரைக்கால் சட்டையையும் மாற்றிப் பதிவு செய்யும் சிக்கல் அதோடு தீர்ந்தது.

நான்காவது, புள்ளியில்லாத ஐ. நம்மிடம் ‘இ’யும் ‘ஈ’யும் இருக்கின்றன, இது எளிது என்று தோன்றும். அந்த நம்பிக்கைதான் கண்ணி. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நீளம் ஒன்றே பொருளைப் பிரித்துவிடும். ஆங்கிலத்தில் நீளத்தை நம்ப முடியாது. ‘ட்’, ‘ப்’, ‘க்’ என்னும் வல்லொலிகளுக்கு முன்னால் நீண்ட உயிரொலியும் சுருங்கிவிடும். இருக்கையைக் குறிக்கும் சொல்லின் ‘ஈ’, விதையைக் குறிக்கும் சொல்லின் ‘ஈ’யை விடக் கண்கூடாகக் குறுகியது. ஆகவே பின்னுவதைக் குறிக்கும் ‘நிட்’டையும் ஒழுங்கைக் குறிக்கும் ‘நீட்’டையும் பிரித்துக் காட்டுவது ஒலியின் தன்மை. ‘நிட்’டில் நாக்கு தளர்ந்து, ‘இ’யிலிருந்து ‘எ’யை நோக்கிச் சிறிது இறங்கியிருக்க வேண்டும். ‘நீட்’டில் நாக்கு இறுகி, உதடு விரிந்திருக்க வேண்டும். நிரப்புவதும் உணர்வதும், நழுவுவதும் உறங்குவதும் என்று இணை இணையாக இருபது சொற்களை எழுதி வைத்துக்கொண்டு, அகராதியின் ஒலிப்பதிவை மாற்றி மாற்றிக் கேளுங்கள். சட்டி போன்ற குறிக்கும் நீண்ட ‘ஊ’வுக்கும் இதே கதைதான், தனியே நேரம் ஒதுக்க வேண்டாம், இது வந்தால் அதுவும் வரும்.

6. ஷ்வாவும் அழுத்தமும்

ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி, தலைகீழ் ஈ எழுத்தால் குறிக்கப்படும் ஷ்வா. அதற்கென்று தனி எழுத்து கிடையாது. ‘அபவுட்’டில் ஏ எழுத்தாகவும், ‘டேக்கன்’ என்பதில் ஈ எழுத்தாகவும், ‘பென்சி’லில் ஐ எழுத்தாகவும், ‘லெமன்’ என்பதில் ஓ எழுத்தாகவும், ‘சர்க்க’ஸில் யூ எழுத்தாகவும் ஒளிந்திருப்பது இந்த ஒரே ஒலிதான். அழுத்தம் விழாத அசையில் மட்டுமே வரும். குற்றியலுகரம் ஒரு மாத்திரையில் பாதியாகக் குறைந்து ஒலிப்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஷ்வாவுக்கும் அவ்வளவு எடைதான் கொடுக்க வேண்டும்.

நாம் செய்யும் தவறு, எழுதியிருக்கும் ஒவ்வோர் உயிரெழுத்துக்கும் முழு மரியாதை கொடுத்துவிடுவது. தமிழைப் படிக்க அது சரியான முறை, ஆங்கிலத்தில் அதுவே கேட்பவரைக் களைப்படைய வைக்கும். ‘சப்ளையர்’ என்பதில் நடு அசை மட்டும் ஓங்கி, முன்னும் பின்னும் ஷ்வாவாக அடங்க வேண்டும். ‘கம்பெனி’யில் முதல் அசை ஓங்கி, ‘பெ’ இருக்கும் இடமே தெரியாமல் போக வேண்டும். ‘ஹோட்டல்’, ‘கமிட்டி’, ‘டெவலப்’ ஆகியவற்றில் அழுத்தம் இரண்டாம் அசையில். நாம் முதல் அசையில் வைக்கிறோம்.

அழுத்தம் இடம் மாறினால் உயிரொலியும் மாறும் என்பதை ஒரு சொல்லைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை ஓங்கும். அதை எடுப்பவரைக் குறிக்கும் சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகரும். நகர்ந்ததும் முதல் அசையின் ‘ஃபோ’ ஷ்வாவாகச் சுருங்கி, ‘டோ’ பருத்தியின் ஒலியாகத் திறக்கிறது. ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்னும்போது மூன்றாம் அசை ஓங்கி, அங்கே பூனையின் ஒலி வருகிறது. எழுத்து எதுவும் மாறவில்லை. இதை அகராதியில் மூன்று குறிவரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்த அன்றுதான், எழுத்தை நம்பி இதுவரை எவ்வளவு தவறியிருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் தொழிலின் தாய்ச்சொல்லான ‘எக்ஸ்போர்ட்’டும் இப்படித்தான்: ஏற்றுமதி என்ற பெயர்ச்சொல்லானால் முதல் அசையில் அழுத்தம், ‘எ’ தெளிவாக ஒலிக்கும், ஏற்றுமதி செய் என்ற வினையானால் இரண்டாம் அசையில் அழுத்தம், முதல் ஒலி தளர்ந்த ‘இ’யாகிவிடும்.

எண்களில் கவனம் தேவை. ‘தர்ட்டீன்’ என்னும் பதின்மூன்றில் பின் அசை ஓங்கும், ‘தர்ட்டி’ என்னும் முப்பதில் முன் அசை ஓங்கும் என்பது பாடம். ஆனால் பதின்மூன்றுக்குப் பின்னால் இன்னொரு பெயர் வந்தால், அழுத்தம் முன்னுக்கு நகர்ந்துவிடுவது வழக்கம். அப்போது இரண்டும் காதில் ஒன்றாகும். ஆர்டர் அளவைச் சொல்லும்போது ‘ஒன்று, மூன்று’ என்று இலக்கங்களைத் தனித்தனியே சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். எவ்வளவு உச்சரிப்பு கற்றாலும் இந்தப் பழக்கத்தை விட வேண்டாம்.

7. நாமாகச் சேர்ப்பவை

தமிழில் சொல்லின் முதலில் வரும் ‘இ’, ‘ஈ’, ‘எ’, ‘ஏ’ ஆகியவற்றுக்கு முன் மெல்லிய ‘ய்’யும், ‘ஒ’, ‘ஓ’ ஆகியவற்றுக்கு முன் மெல்லிய ‘வ்’வும் பேச்சில் தானாகவே சேரும். முட்டையை ‘யெக்’ என்றும், ‘ஓல்டு’ என்பதை ‘வோல்டு’ என்றும் சொல்லிவிடுகிறோம். ‘ஈஸ்ட்’ என்று கிழக்கைச் சொல்ல வந்தவர், மாவைப் புளிக்கவைக்கும் ‘யீஸ்ட்’டைச் சொன்னதாகக் கேட்கும். சொல்லைத் தொடங்கும் முன் வாயை அந்த உயிரொலிக்குரிய வடிவில் வைத்து நிறுத்தி, பிறகு குரலை விட்டால் இது வராது. சொல்லின் ஈற்றில் ‘பேகு’, ‘லைட்டு’, ‘பஸ்ஸு’ என்று சேரும் உகரத்தையும், ‘இஸ்கூல்’ என்று முன்னால் ஒட்டும் இகரத்தையும் களைய வேண்டும். அவை ஓர் அசையைக் கூட்டி, அழுத்தத்தின் கணக்கையே கலைத்துவிடும்.

8. பதிவு செய்து சோதியுங்கள்

நூறு சொற்களில் முப்பதைத் தேர்ந்தெடுத்து, முதல் நாளும் முப்பதாம், அறுபதாம், தொண்ணூறாம் நாட்களிலும் செல்பேசியில் பதிவு செய்யுங்கள். கோப்புக்குத் தேதியைப் பெயராக வையுங்கள். நம் குரலை நாமே கேட்பது முதலில் கூச்சமாக இருக்கும், ஆனால் வேறு எவரும் இவ்வளவு நேர்மையாகத் தவற்றைக் காட்டமாட்டார்கள்.

இரண்டாவது சோதனைக்கும் காசு தேவையில்லை. செல்பேசியின் குரல்வழித் தட்டச்சில் மொழியை ஆங்கிலம், பிரிட்டன் என்று மாற்றிவிட்டு, தனிச்சொற்களாகச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம், இந்தியா என்றே வைத்திருந்தால் நம் உச்சரிப்புக்கு அது இசைந்து போய்விடும். அதனால் நாம் சரியாகச் சொல்வதாக ஏமாந்துவிடுவோம். வாக்கியமாகச் சொன்னாலும் சூழலை வைத்து ஊகித்துவிடும். நான் பருத்தியைச் சொல்லி, திரையில் பெட்டி வராமல் பருத்தியே தொடர்ந்து பத்து முறை வந்தது எழுபத்தோராம் நாளில்.

நேரக் கணக்கு இவ்வளவுதான்: நாளுக்கு நாற்பது நிமிடம். அதில் கேட்பது பதினைந்து, சொல்வது பதினைந்து, அகராதியைப் பார்த்துக் குறிகளோடு நோட்டில் எழுதுவது பத்து. முதல் இரண்டு வாரம் குறிகள், அடுத்த எட்டு வாரம் நான்கு ஒலிகள், அதன்பின் ஆறு வாரம் ஷ்வாவும் அழுத்தமும். நோட்டில் எந்தச் சூழலிலும் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். எழுதினால் கண் அதையே படிக்கும், வாய் பழைய ‘காட்டன்’ என்பதற்கே திரும்பும்.

9. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுவோருக்கு

ஐ.இ.எல்.டி.எஸ். என்பது வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கப்படும் ஆங்கிலத் திறன் தேர்வு. அதற்காக இதைக் கற்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நடக்கும். மதிப்பிடும் நான்கு கூறுகளில் உச்சரிப்பு ஒன்று, நான்குக்கும் சம மதிப்பு. பிரிட்டன்காரரைப் போலப் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தடையின்றிப் புரிகிறதா என்பதே கேள்வி. ஆகவே போலித் தொனிக்குப் பணம் கட்டாமல், ஐந்தாம் ஆறாம் படிகளைச் செம்மையாகச் செய்யுங்கள். தேர்வைக் கோவையிலேயே எழுதலாம். கட்டணம் 2024இல் 16,000 ரூபாய்க்கு மேல் இருந்தது, மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். தொண்ணூறாம் நாள் பதிவைக் கேட்ட பிறகு தேதியைப் பதிவு செய்யுங்கள். பதிவின்போது கொடுத்த அதே பாஸ்போர்ட்டின் அசலைத் தேர்வு நாளன்று கையில் கொண்டுபோக வேண்டும், நகல் செல்லாது.